பெரிய வியாழன் தேதியிட்ட அறுபது தாள்கள்

எங்கள் ஊரைச் சாலை கைவிட்டது நவம்பர் மாதத்தில். காலை பத்து மணிக்கு ஒரு மந்திரி வந்து நாடாவை வெட்டினார். பதினோரு மணிக்கு என் பஞ்சர் கடைக்கு முன்னால், நடுரோட்டில், நாய் ஒன்று படுத்துத் தூங்கியது. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் ஒரு நாய் நின்றுகூட நான் பார்த்ததில்லை. புது நான்குவழிச் சாலை எங்கள் இக்குவாவை ஒதுக்கிவிட்டு இரண்டு கிலோமீட்டர் தெற்கே போனது. தலைநகர் அசுன்சியோனுக்குப் போகிற பஸ்களும் அதோடு போய்விட்டன.

எனக்காவது லாரிக்காரர்கள் பழக்கத்துக்காகத் தேடி வந்தார்கள். எதிர்வீட்டு எர்மெலிந்தாவுக்கு பஸ்தான் எல்லாம். அவள் சுடும் சிப்பா ரொட்டியை ஆறு பெண்கள் விற்றார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் கூடை, கூடையில் துணி மூடிய சூடு. பஸ் வேகம் குறைந்தால் போதும், ஏறிவிடுவார்கள். அடுத்த ஊரில் இறங்கி எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் திரும்பி வருவார்கள். புதுச் சாலையில் பஸ் வேகம் குறைவதே இல்லை. பிப்ரவரிக்குள் இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

ஆனாலும் எர்மெலிந்தா விடியற்காலை மூன்று மணிக்கு எழுவதை நிறுத்தவில்லை. பன்றிக் கொழுப்பை முட்டையோடு நுரைக்க அடிப்பாள். பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போடுவாள். மரவள்ளி மாவு, சோம்பு, உப்பு, பால். முழங்கை வரை கையை விட்டுப் பிசைவாள். வளையமாக உருட்டி, வாழையிலையில் வைத்து, களிமண் அடுப்புக்குள் தள்ளி வாயை அடைத்துவிடுவாள். பதினைந்து நிமிஷத்தில் வாசனை ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் வரும். காலையில் நான் வேறெதுவும் சாப்பிட்டதில்லை.

அந்தப் பாலாடைக்கட்டி அவள் புருஷன் வெனான்சியோவின் மாடுகளுடையது. ஏழு மாடுகள். அவன் அதிகம் பேசமாட்டான். மாட்டிடம் பேசுவதாக அவள் சொல்வாள், நான் கேட்டதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும், "லோமா ஊர்ல கறிக்கடைக்காரன் கடைய மூடுறானாம். குளிர் அறைய விக்கிறானாம்" என்றான். சொல்லிவிட்டு ரொட்டியைச் சூப்பில் தோய்த்தான். அவ்வளவுதான்.

மார்ச் மாதம் மாணவர்கள் வந்தார்கள். மூன்று பேர், அசுன்சியோன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். உணவுத் தொழில் செய்கிற யாராவது ஒருவருக்குச் சந்தையை ஆராய்ந்து ஆலோசனை சொல்லவேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். ஆரமி என்ற பெண் தலைவி. ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் எர்மெலிந்தாவின் சிப்பா தின்று வளர்ந்தவள். வில்மா கணக்கில் கெட்டி. தெர்லிஸ் உயரமாக, கூச்சத்தோடு, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நிற்கும் பையன்.

"எங்களுக்கு ஒரு கம்பெனி வேணும், ஞா எர்மெ" என்றாள் ஆரமி. எங்கள் பக்கத்தில் மரியாதையான பெண்பிள்ளையை ஞா போட்டுத்தான் கூப்பிடுவோம்.

"இது கம்பெனி இல்ல கண்ணு, அடுப்பு."

"அடுப்பே போதும். உங்க கேள்வி என்னன்னு சொல்லுங்க, பதில் நாங்க தேடித் தர்றோம்."

எர்மெலிந்தா புருஷனைப் பார்த்தாள். அவன் மாட்டுக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். "பஸ்ஸு நிக்கலேன்னா சிப்பா மட்டும் தனியா ஊருக்குப் போகட்டுமே. சுடாம, பச்சையா, குளிர் அறையில கல்லு மாதிரி உறைய வெச்சு பாக்கெட் போட்டா, அசுன்சியோன் ஜனங்க வீட்டுல சுட்டுக்குவாங்களா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் மூவரும் ஒரே நேரத்தில் நோட்டைத் திறந்தார்கள்.

குளிர் அறை வாங்க ஏழு மாட்டையும் விற்றாக வேண்டும். அவள் வெனான்சியோவிடம் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். "என்ன கிழவா, சரியா?" என்றாள். "நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு மேய்ச்சலுக்குப் போனான். மாட்டுத் தரகன் அனாக்லெத்தோவிடம் பேசியாயிற்று. ஈஸ்டர் கழிந்த மூன்றாவது சனிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொன்னான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் முடிவோடு வந்தார்கள். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவதற்குள், மூன்று நாள் அடித்த வடகாற்று நின்று மழை கொட்டியது. தலை துவட்டத் துணி கொடுத்து, கருக்கிய மாத்தே இலையில் பால் ஊற்றிக் கொசிதோ போட்டுக் கொடுத்தாள் எர்மெலிந்தா. வில்மா கணினியைத் திறந்தாள். வட்டமாக ஒரு படம். பாதிக்கு மேல் பச்சை.

"நூத்தி எண்பது பேரக் கேட்டோம். தொண்ணூத்தாறு பேரு வாங்குவோம்னு சொல்லிருக்காங்க" என்றாள் ஆரமி. முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து இடி இடித்துக் கரண்ட் போனது. கணினியில் சார்ஜும் இல்லை.

"படம் போனாப் போகுது. ஆளுங்க வாயால என்ன சொன்னாங்க? அந்தத் தாளக் குடு, படிக்கறேன்" என்றாள் எர்மெலிந்தா.

ஆரமி தயங்கினாள். கடைசி நாளில்தான் கொடுப்பது வழக்கமாம். ஆனாலும் பையிலிருந்து மூன்று கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். ஆளுக்கு அறுபது. எர்மெலிந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவோரம் வெளிச்சத்துக்குப் போனாள். ஆரமியின் கட்டில் பதினெட்டுப் பேர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள், வில்மாவின் கட்டில் இருபத்தொருவர். சிலர் திட்டியிருந்தார்கள். 'உறைந்த சிப்பாவா, கர்த்தரே' என்று ஒரு அம்மாள் சொன்னதை வில்மா அப்படியே எழுதியிருந்தாள். எர்மெலிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தெர்லிஸின் கட்டு. அதில் அறுபதில் ஐம்பத்தேழு பேர் வாங்குகிறார்கள்.

"அவன் கேட்ட எடம் கொஞ்சம் வசதியானவங்க வர்ற கடை" என்றாள் ஆரமி.

எர்மெலிந்தா கட்டை வெளிச்சத்துக்கு இன்னும் கிட்டப் பிடித்தாள். ஒரு தாளைப் புரட்டினாள், இன்னொன்று, இன்னொன்று. பிறகு முதல் தாளுக்கே திரும்பினாள்.

"தம்பி, இது எந்த நாட்டுல எடுத்தது?"

"சான் லொரென்சோவுல, ஞா எர்மெ. சூப்பர்மார்க்கெட் வாசல்ல."

"பெரிய வியாழக்கிழமைன்னு தேதி போட்டிருக்கே."

"ஆமாங்க."

"'கடைசியாகச் சிப்பா சாப்பிட்டது எப்போது?' ஒரு மாசம் முன்னாடி. இந்தாளு ரெண்டு வாரம். இந்தம்மா ஒன்றரை மாசம். அறுபது பேரு. பெரிய வியாழன் அன்னைக்கு. ஒருத்தன்கூட முந்தின நாள் சிப்பா தின்னல!"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த வெனான்சியோ திரும்பினான். "புதன்கிழமை நம்ம நாயே ரெண்டு தின்னுச்சு" என்றான்.

வில்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். புனித வாரத்துப் புதன்கிழமை சிப்பா சுடாத வீடு எங்கள் நாட்டில் இல்லை. சுட முடியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும். வெள்ளிக்கிழமை அடுப்புப் பற்றவைக்கமாட்டார்கள் என்பதால் வீடுவீடாக மலைபோல் குவிந்திருக்கும். சிறையில் இருப்பவனுக்கும் அன்று சிப்பா உண்டு.

தெர்லிஸ் தன் டம்ளரைக் கீழே வைத்தான். கொசிதோ கொஞ்சம் சிந்தியது. அதைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"நான்தான் நிரப்பினேன்" என்றான்.

"எத்தன?"

"எல்லாமே."

ஆரமி எழுந்து நின்றாள். "தெர்லிஸ்!"

"காவக்காரன் நிக்க விடல. மூணு பேருகிட்ட கேட்டேன். ஒருத்தர் கைய வீசித் துரத்துனாரு. ஒரு அம்மா, நான் பிச்சை கேக்கறேன்னு நெனச்சு காசு குடுத்தாங்க. அதுக்கப்புறம் யாருகிட்டயும் என்னால வாயத் தொறக்க முடியல. ஊருக்குக் கடைசி பஸ்ஸு வேற. டெர்மினல்ல உக்காந்து..."

"நாங்க ரெண்டு பேரும் நாலு நாளு வெயில்ல நின்னோம்டா! என் பேரும் அந்த அறிக்கையில இருக்கு!" என்று கத்தினாள் ஆரமி.

எர்மெலிந்தா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். "சரி, நிரப்பறதுதான் நிரப்புன. ஏன் தம்பி எல்லாரும் வாங்குவோம்னே எழுதுன?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு நல்லது நடக்கணும்னுதான்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாய் அப்படிப்பட்டது. ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள். "நாளான்னைக்கு அனாக்லெத்தோ லாரியோட வர்றான். ஏழும் போயிருக்கும். தெரியுமில்ல?"

தெர்லிஸ் அழத் தொடங்கினான். பெரிய பையன், முகத்தை மூடக்கூடத் தெரியாமல் அழுதான். வெனான்சியோ எழுந்து, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையோடு மழையாக மேய்ச்சல் பக்கம் போய்விட்டான்.

"அவன் தாள எடுத்துட்டா என்ன மிச்சம்?" என்று கேட்டாள் எர்மெலிந்தா.

வில்மா விரலில் கணக்குப் போட்டாள். "நூத்தி இருபதுல முப்பத்தொம்பது."

"இது நல்லதா, கெட்டதா?"

"தெரியல" என்றாள் ஆரமி. "மிச்ச அறுபதையும் நெசமா கேட்டாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப நாளைக்கே கேப்போம். நானும் வர்றேன். செல்சோ, உன் வண்டி மழையில ஓடுமா, இல்ல அதுவும் பஞ்சரா?"

"உனக்காக ஓடும்" என்றேன்.

பிள்ளைகள் ராத்திரி அங்கேயே தங்கினார்கள். மறுநாள் தெற்குக் காற்று வீசியது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எர்மெலிந்தா பூசைக்குப் போகிற நீல உடுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் பின்னால் தார்ப்பாய்க்குள். வழியெல்லாம் ஆரமி ஜன்னல் வழியாக அவளுக்குப் பாடம் நடத்தினாள். "நீங்க சிப்பா செய்யறவங்கன்னு மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா மூஞ்சி பாத்து யாரும் இல்லன்னு சொல்லமாட்டாங்க. அவங்க வேண்டாம்னா சண்டைக்குப் போகக்கூடாது."

"நான் எப்ப சண்டைக்குப் போனேன்?"

"போன வாரம், முட்டைக்காரன்கூட" என்றேன் நான்.

அதே கடைதான். இந்தத் தடவை தெர்லிஸ் காவல்காரனிடம் நிற்கவில்லை. கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய் மேலாளரைக் கேட்டான். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தான். "தள்ளுவண்டி நிக்கற எடத்துல நின்னுக்கலாம்னாரு" என்றான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. வந்தவன் உடனே முதல் ஆளைப் பிடித்துப் பேச ஆரம்பித்தான். குரல் உடைந்து உடைந்துதான் வந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

எர்மெலிந்தாவுக்கு முதலில் அகப்பட்டவர் தொப்பி போட்ட ஒரு மனுஷர்.

"உறைய வெச்ச சிப்பா பாக்கெட் வந்தா வாங்குவீங்களா?"

"கண்டிப்பா வாங்குவேன் தாயி! ரெண்டு பாக்கெட்!"

அவள் பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உறைஞ்ச சாமான் கடைசியா எப்ப வாங்குனீங்க?"

"எங்க, வீட்டுல குளிர்ப்பெட்டியே இல்லியே. நீங்க இவ்வளவு ஆசையா கேக்கறீங்க, இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் வந்தாள். கையில் பால் பாக்கெட், கண்ணில் தூக்கம்.

"உறைஞ்சதா? நானா சுடணுமா?"

"இருபதே நிமிஷம்தாங்க."

"அம்மா, வேற எவளோ விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு சுட்டுட்டான்னுதான் நான் சிப்பாவே வாங்கறேன். நானே அடுப்புப் பத்தவெக்கணும்னா மாவையே வாங்கிப் பெசஞ்சுக்க மாட்டேனா?"

எர்மெலிந்தாவின் வாய் திறந்தது. ஆரமி தூரத்திலிருந்து முறைத்தாள். வாய் மூடிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "அப்ப எங்க வாங்கித் தின்னுவீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. ராத்திரி டூட்டி முடிஞ்சு வெளிய வந்தா அங்க கூடைக்காரி நிப்பா. நோயாளியோட வந்தவங்களும் அவளச் சுத்தித்தான் நிப்பாங்க. சூடா ஒண்ணு, ஒரு டம்ளர் கொசிதோ. அதத் தின்னுட்டுத்தான் எனக்குக் காலே நடக்கும்."

எர்மெலிந்தா அதைத் தாளின் பின்பக்கம் எழுதினாள். அதற்கப்புறம் வந்த எல்லோரிடமும் அதையும் கேட்டாள். ஆஸ்பத்திரி, நீதிமன்ற வாசல், வரி அலுவலக வரிசை, மறுபடி ஆஸ்பத்திரி. மற்ற மூவரும் அவளைப் பார்த்து அதே கேள்வியைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கு அறுபது தாளும் முடிந்தது. வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்த சோள ரொட்டியைத் தின்றோம். வில்மா கூட்டினாள். ஆரமி ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லு கண்ணு, கடிக்கமாட்டேன்."

"அறுபதுல பதினொண்ணு. மொத்தம் நூத்தி எண்பதுல அம்பது பேரு. அந்த அம்பதுலயும் குளிர்ப்பெட்டி இல்லாதவங்க எத்தன பேரோ." ஆரமி தாளை மடித்தாள். "எங்க ஆலோசனை, வேண்டாம். மாட்ட விக்காதீங்க, ஞா எர்மெ. மன்னிச்சுக்குங்க."

"சரி" என்றாள் எர்மெலிந்தா. தெர்லிஸின் கையில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தாள்.

பிள்ளைகளை அங்கேயே இறக்கிவிட்டு நானும் எர்மெலிந்தாவும் திரும்பினோம். பாதி தூரத்தில், "செல்சோ, ஒண்ணு சொல்லட்டா? அந்த நர்சு வேண்டாம்னா பாரு, எனக்குக் கோவமே வரல. நெஞ்சுல வெச்சிருந்த கல்ல யாரோ எடுத்தாப்புல இருந்துச்சு" என்றாள்.

"பின்ன ஏன் இத்தன நாளா குளிர் அறை, குளிர் அறைன்ன?"

"எனக்கா ஆசை? அந்த மனுஷன் ஆசைப்பட்டு வாய் தொறந்து ஒண்ணு சொன்னாரு. வருஷத்துக்கு ஒரு வார்த்த பேசறவரு. அதத் தட்ட முடியுமா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வெனான்சியோவுக்கா ஆசை என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் பஞ்சர் கடைக்காரன் எதற்கு? அன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, அவன் மனம் நோகுமே என்று வார்த்தை தேடிக்கொண்டே படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு லாரி வந்து நின்றது. அனாக்லெத்தோ இறங்கி, பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டிக்குப் போனான். நானும் பின்னால் போனேன். எர்மெலிந்தா மாவுக் கையோடு ஓடி வந்தாள். பட்டியில் ஒரு மாடுகூட இல்லை. வெனான்சியோ வேலிக்கட்டை மேல் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீரில் மாத்தே இலை ஊறிய தெரெரே குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கய்யா மாடு?" என்றான் அனாக்லெத்தோ.

"காணோம்."

"ஏழுமா?"

"ஏழும்."

"நேத்து சாயங்காலம் இருந்துச்சே, கிழவா!" என்றாள் எர்மெலிந்தா.

"வேலி அறுந்துபோச்சு போல."

கம்பி நான்கும் ஒரே உயரத்தில், குறட்டால் வெட்டியதுபோல் சுத்தமாக அறுந்திருந்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவனுடைய சித்தப்பா மகனின் கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு மாடு கத்தியது. அதற்குப் பதிலாக இன்னொன்று. வெனான்சியோ குடுவையில் தண்ணீர் ஊற்றினான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எர்மெலிந்தா மாவுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானே விக்க வேண்டாம்னு சொல்லத்தானய்யா ஓடி வந்தேன்!"

அவன் இப்போதுதான் தலையைத் தூக்கினான். "நேத்தே சொல்லிருந்தா நல்ல கம்பிய அறுத்திருக்க மாட்டேனே."

"நீதான குளிர் அறை வேணும்ன?"

"நான் எங்க சொன்னேன்? கறிக்கடைக்காரன் விக்கிறான்னேன்."

"அப்புறம் எதுக்கு 'நீ சொன்னா சரி'ன்ன?"

"நீ அவ்வளவு ஆசையா கேட்ட."

"நானா!"

"ரெண்டு பேரும் சேர்ந்து என் டீசலுக்கு வழி சொல்லுங்க" என்றான் அனாக்லெத்தோ. கோபம்தான். ஆனால் அடுப்பு அப்போதுதான் திறந்திருந்தது. நான்கு சிப்பாவும் இரண்டு டம்ளர் கொசிதோவும் உள்ளே போன பிறகு, போகிற வழியில் அறுந்த வேலியைத் தூக்கிப் பிடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

பிள்ளைகள் அடுத்த வாரம் கல்லூரியில் அறிக்கையைப் படித்தார்கள். போலித் தாள்களைப் பற்றி அதில் எழுதுவதா என்று மூவருக்கும் தகராறு வந்ததாம். மறைக்கலாம் என்றாளாம் வில்மா. கடைசியில் தெர்லிஸே எழுந்து, ஆசிரியர் முன்னால் தான் செய்ததைச் சொல்லியிருக்கிறான். ஆசிரியர் அவனுக்கு மதிப்பெண்ணைப் பாதியாக வெட்டினார், ஆனால் பெயில் போடவில்லை. அவன் அதைச் சொல்ல எர்மெலிந்தாவுக்குத்தான் முதலில் போன் செய்தான். "பாஸா? பாஸுதான?" என்று அவள் கத்தியது என் கடைவரை கேட்டது. ஆரமி அவனோடு பேசினாளா என்று கேட்டாள். இன்னும் இல்லையாம். "பேசுவா. அவளுக்கு ஒரு கூடை சிப்பா வாங்கிக் குடு. சூடா."

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. புதுச் சாலையோரம் மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது, இக்குவாவிலிருந்து பதினோரு கிலோமீட்டர், காலை ஐந்தரையிலிருந்து வாசலில் கூட்டம் நிற்கிறது, அங்கே சிப்பாக்காரி யாருமில்லை. தாள்களின் பின்பக்கத்தில் கிடைத்ததை வைத்து வில்மா எழுதியது. தெர்லிஸ் தனியாக இரண்டு காலை அங்கே போய் நின்று ஆட்களை எண்ணிவிட்டு வந்திருந்தான். யாரும் போகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பெண்கள் கூடையோடு போனார்கள். பால் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டான். ஒன்பது மணிக்குள் இரண்டு கூடையும் காலியாகத் திரும்பி வந்தன. செவ்வாயும் அப்படித்தான். பஸ் காலத்து விற்பனையெல்லாம் இல்லை, பாதி இருக்கும். புதன்கிழமை நான்கு பேரும் போனார்கள். விட்டுப் போன இரண்டு பேரில் ஒருத்தி, வேலை இருக்குமா என்று ஆள்விட்டுக் கேட்டாள்.

அன்று பத்து மணிக்கு ஒரு கரும்பு லாரி வந்து நின்றது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காற்றடிக்கிற எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெனான்சியோ ரோட்டைக் கடந்து வந்தான். அவன் தானாக என் கடைக்கு வந்தது எனக்கு நினைவில் இல்லை.

"செல்சோ, அத கொஞ்சம் நிறுத்தறியா? தூங்கறா."

"யாரு, எர்மெலிந்தாவா? இந்த நேரத்துலயா?"

"ம். உக்காந்தா, அப்படியே தூங்கிட்டா."

எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு மாமரத்தடியில், நாற்காலியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, எர்மெலிந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் கண் மூடியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வெனான்சியோ வேலி ஓரமாக, காலடிச் சத்தம் கேட்காமல், திரும்பிப் போனான்.

நான் எந்திரத்தை அணைத்தேன். லாரிக்காரனை ஒரு மணிநேரம் பொறுக்கச் சொன்னேன்.